இந்த மார்கழியில என்ன படிச்சேன்? ஒரு யானை, 365 படி, ஒரு எல்லைக்கோடு

இந்த வருஷத்தோட கடைசி எபிசோட் இது. ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு விட்டாச்சு, நான் சொந்த ஊரான மணவூருக்கு வந்து சேர்ந்தாச்சு. சென்னையிலிருந்து அரக்கோணம் போற லோக்கல் ட்ரெயின்ல திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். திருத்தணி முருகன் மலை இங்கேருந்து பைக்ல போற தூரம். ஆந்திர எல்லையும் அப்படித்தான்.

குளிருதுன்னு சொன்னா பெங்களூர்ல இருக்கிறவங்க சிரிப்பீங்க. ஆனா விடியக்காலைல இங்க பனி இறங்கறதைப் பார்த்தா நீங்களும் போர்வையை விட்டு வெளியே வர மாட்டீங்க. அஞ்சு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பி விட்டுடும். சிக்னல் பாதி நேரம் இருக்காது. அதனால இந்த வாரம் நிறையப் படிச்சேன்.

எல்லாரும் வருஷக் கடைசியில ‘இந்த வருஷம் படிச்ச 10 புத்தகம்’னு லிஸ்ட் போடுவாங்க. நான் வேற மாதிரி செஞ்சேன். இந்த ஊரைச் சுத்தி இருபது கிலோமீட்டருக்குள்ள நடந்த விஷயங்களை மட்டும் படிக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு செப்பேடு, ஒரு சாமியார் கதை, ஒரு எல்லைப் போராட்டம். தனித்தனியாத்தான் ஆரம்பிச்சேன். ஆனா மூணுமே ஒரே கேள்விக்கு வந்து நின்னுச்சு: ஒரு ஊர் யாருக்குச் சொந்தம்னு முடிவாகும்போது, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு, தெரியாதவங்க யாரு?

முதல்ல செப்பேடு

1905-ல திருவாலங்காட்டுல ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைச்சுது. 31 செம்புத் தகடு, எல்லாம் சோழர் முத்திரை போட்ட வளையத்துல கோத்தது. அதுல சமஸ்கிருதம் 271 வரி, தமிழ் 524 வரி. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூணாவது தொகுதியில எச். கிருஷ்ண சாஸ்திரி பதிப்பிச்சு, ஆங்கில மொழிபெயர்ப்போட போட்டிருக்கார்.

நம்மள்ல பல பேருக்கு இந்தச் செப்பேடு சமஸ்கிருதப் பகுதிக்காகத்தான் தெரியும். சோழர் வம்சம் சூரியன்ல ஆரம்பிச்சு வரிசையா வந்து, கடைசியில ராஜேந்திர சோழனோட கடாரப் படையெடுப்பு வரைக்கும் வரும். இங்கதான் ஒரு சிக்கல். தமிழ்ப் பகுதி சொல்ற அரசாணை ராஜேந்திரனோட ஆறாவது ஆட்சியாண்டு, அதாவது கிட்டத்தட்ட 1018. கடாரப் படையெடுப்பு நடந்தது 1025 வாக்குல. ஏழு வருஷம் கழிச்சு நடக்கப் போறது முன்னாடியே எப்படி எழுதப்பட்டிருக்கும்?

வரலாற்று ஆசிரியர்கள் சொல்ற பதில்: அரசாணை பழசு, புகழ்ச்சிப் பகுதி பின்னாடி எழுதிச் சேர்த்தது. கோடு எழுதறவங்களுக்கு இது உடனே புரியும். உள்ளே இருக்கிற விஷயத்துக்கும் மேல இருக்கிற டைம்ஸ்டாம்புக்கும் ஒத்துப்போகலேன்னா, யாரோ பின்னாடி கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆயிரம் வருஷத்து ஆவணத்துலயும் அதே லாஜிக்லதான் பிடிக்கிறாங்க.

ஆனா என்னைக் கட்டிப்போட்டது சலிப்பு தட்டற மாதிரி இருக்கிற அந்தத் தமிழ்ப் பகுதிதான். பழையனூர் திருவாலங்காட்டை ஒட்டின கிராமம். நீலி கதை தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பேர் உடனே ஞாபகம் வரும். அந்த ஊர் அதுவரைக்கும் சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்தைச் சேர்ந்த பிரமதேயமா இருந்துது. அதை வெள்ளான்வகையா மாத்தி, திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுக்கிறான் ராஜா. ஊர் அங்கேயேதான் இருக்கு, வயலும் அங்கேயேதான் இருக்கு. ரெக்கார்ட்ல அதோட வகை மாறுது, விளைச்சல்ல வர்ற பங்கு யாருக்குப் போகணும்ங்கிறது மாறுது.

இதுக்கு எவ்வளவு வேலை நடக்குது தெரியுமா? ராஜா வாயால சொல்றார். அதைக் கேட்டு ஓலையில எழுத ஒரு அதிகாரி. எழுதினது சரிதானான்னு பார்க்க அவருக்கு மேல சில பேர். அப்புறம் வரிக் கணக்குல ஏத்தற துறை. அதுல யார் யார் இருந்தாங்க, யார் வாசிச்சாங்க, யார் பதிஞ்சாங்கன்னு பேர் பேரா வருது. நம்ம ஆபீஸ்ல ஒரு மாற்றம் லைவ்ல போறதுக்கு எத்தனை பேர் ஓகே சொல்லணுமோ அதே மாதிரி.

அடுத்தது எல்லை. ஆணை நாட்டாருக்கு வருது. நாட்டார்னா அந்தச் சுத்து வட்டாரத்து நிலக்காரங்களோட சபை. அவங்க ஆணையை எதிர்கொண்டு வணங்கி வாங்கி, ஒரு பெண் யானையை நடத்திக்கிட்டு ஊரைச் சுத்தி வர்றாங்க. யானை நடந்த வழிதான் எல்லை. அந்த வழியில கல் நடறாங்க, கள்ளிச்செடி நடறாங்க. அப்புறம் எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், எந்த வயலுக்குத் தெற்கேன்னு எல்லாத்தையும் எழுதறாங்க.

ஏன் யானை? எனக்குத் தோணறதைச் சொல்றேன். ஓலையில இருக்கிறதை ஊர்ல எத்தனை பேரால படிச்சிருக்க முடியும்? ஆனா யானை நடந்து போறதை எல்லாராலயும் பார்க்க முடியும். எழுத்து தெரியாத ஆளுக்கும், ‘அன்னிக்கு யானை அந்தப் புளியமரத்துக்கு இந்தப் பக்கமாத்தான் போச்சு’ன்னு சாட்சி சொல்ல முடியும். ஆவணம் செம்புல இருக்கு, அதோட காப்பி ஊர்க்காரங்க ஞாபகத்துல இருக்கு.

அடுத்தது 365 படி

இது இந்த வாரத்துக்கே உரிய கதை. டிசம்பர் 31 திருத்தணியில படித்திருவிழா. மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள். ஒவ்வொரு படியிலயும் சூடம் ஏத்தி, ஒவ்வொரு திருப்புகழ் பாட்டா பாடிக்கிட்டே மேல ஏறுவாங்க. நள்ளிரவுல புது வருஷம் பிறக்கும்போது மலை முழுக்கக் கூட்டமா இருக்கும்.

இதை ஆரம்பிச்சவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917-18 வாக்குல. அந்தக் காலத்துல ஜனவரி 1 வந்தா, நம்ம ஆளுங்க மாலையும் பழமும் எடுத்துக்கிட்டு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போவாங்க. ‘துரைக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலையில இருக்கான், அவனைப் போய்ப் பாருங்க’ங்கிறதுதான் சுவாமிகளோட எண்ணம். ஆர்ப்பாட்டம் இல்ல, கோஷம் இல்ல. ஜனங்க போற திசையை மட்டும் மாத்தி விட்டார்.

இது வரைக்கும் எனக்கு முன்னாடியே தெரியும். தெரியாதது அவரோட முன்கதை. சாமியார் ஆகறதுக்கு முன்னாடி அவர் பேர் அர்த்தநாரி, மைசூர் அரண்மனையில சமையல் வேலை. வயித்து வலி தீரணும்னு பழனிக்குப் போயிருக்கார். அங்கதான் திருப்புகழைக் கேட்டு அதுலயே ஊறிப் போனார். ஆனா புத்தகத்தை வாங்கிப் பார்த்தா, அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. வளர்ந்த ஆளா, குடும்பஸ்தனா இருக்கும்போது உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டார். அப்புறம் ஊர் ஊராப் போய்த் திருப்புகழைப் பரப்பினார்.

அவர் கைக்கு ஒரு அச்சுப் புத்தகம் கிடைச்சதே பெரிய விஷயம். அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டு. 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் அவர் பாட்டெல்லாம் ஏட்டுச்சுவடியில அங்கங்க சிதறித்தான் கிடந்துது. வ.த. சுப்பிரமணிய பிள்ளைன்னு ஒருத்தர், நீதிமன்றத்துல வேலை பார்த்து முன்சீப் ஆனவர். 1871-ல சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்குல திருப்புகழ்ப் பாட்டு ஒண்ணை ஆதாரமாக் காட்டினாங்க. அதைக் கேட்டவர், இப்படி இன்னும் எத்தனை பாட்டு இருக்குமோன்னு தேடக் கிளம்பிட்டார். வருஷக்கணக்கா ஊர் ஊராச் சுவடி சேகரிச்சு, 1890-கள்ல முதல் பாகத்தை அச்சுல கொண்டு வந்தார்.

வரிசையாப் பாருங்க. கோர்ட்ல ஒருத்தர் காதுல ஒரு பாட்டு விழுது. அது புத்தகமாகுது. எழுத்து தெரியாத ஒரு சமையல்காரர் அந்தப் பாட்டுக்காகவே எழுத்துக் கத்துக்கறார். இன்னிக்கு டிசம்பர் 31-ல அந்தப் படியில ஏறறவங்க யாருக்கும் இந்த வரிசை தெரிய வேண்டியதில்ல. ஆனா இது இல்லேன்னா அந்த ராத்திரி இல்ல.

இப்போ எல்லை

மூணாவதா படிச்சது ம.பொ. சிவஞானத்தோட தன்வரலாறு, ‘எனது போராட்டம்’. பெரிய புத்தகம். நான் வடக்கெல்லைப் பகுதியை மட்டும் முதல்ல படிச்சேன்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். 1911-ல சித்தூர் மாவட்டம் உருவானப்போ, திருத்தணிப் பக்கம் அதுக்குள்ள போச்சு. திருவாலங்காடும்தான். பழைய கல்வெட்டு அறிக்கைகள்ல திருவாலங்காட்டுக்கு ‘கார்வேட்நகர் ஜமீன், சித்தூர் மாவட்டம்’னுதான் முகவரி இருக்கும். அப்போ எல்லாமே ஒரே சென்னை மாகாணம். அதனால எந்த மாவட்டத்துல இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியல. 1953 அக்டோபர் 1-ல ஆந்திர மாநிலம் பிறந்துது. சித்தூர் மாவட்டம் முழுசா அதோட போச்சு. திருத்தணியும் கூடப் போச்சு.

இதை முன்கூட்டியே பார்த்த ஒருத்தர் மங்கலங்கிழார். நம்ம ரயில் பாதையிலயே அரக்கோணத்துக்குப் பக்கத்துல புளியமங்கலம்னு ஒரு ஸ்டேஷன் வரும் இல்லையா, அந்த ஊர்க்காரர். இயற்பெயர் குப்பன். தமிழாசிரியர். பள்ளிக்கூடத்துலயும் ஆபீஸ்லயும் தெலுங்கு இருக்கு, ஜனங்க வீட்ல தமிழ் பேசினாலும் தமிழ் படிக்க வழி இல்லைன்னு பார்த்தவர், கிராமம் கிராமமாப் போய்க் காசு வாங்காமத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். எல்லைப் போராட்டம்னு ஒண்ணு பெருசா வெடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே. ஆந்திரா உருவான அதே 1953-ல அவர் இறந்து போனார். திருத்தணி திரும்பி வந்ததை அவர் பார்க்கவே இல்ல.

ம.பொ.சி.யும் இந்த வரிசையில வர்ற ஆள்தான். மூணாம் வகுப்போட படிப்பு நின்னுடுச்சு. அச்சகத்துல அச்சுக் கோக்கிற வேலை. ஒவ்வொரு எழுத்தா ஈயத்துல எடுத்து அடுக்கின ஆள். 1942-ல சிறைக்குப் போனப்போ சிலப்பதிகாரத்துல மூழ்கி, பின்னாடி ‘சிலம்புச் செல்வர்’னு பேர் வாங்கினார். 1946-ல தமிழரசுக் கழகம் ஆரம்பிச்சார். சென்னை நகரம் யாருக்குங்கிற சண்டை ஒரு பக்கம், திருத்தணி, திருப்பதி உள்பட வடக்கெல்லைச் சண்டை இன்னொரு பக்கம். 1953-ல திருத்தணியில தடையை மீறிக் கைதானார். உள்ளூர்ல போராட்டத்தை நடத்தினவங்கள்ல முக்கியமானவர் வழக்கறிஞர் கே. விநாயகம். சிறைக்குப் போய் அங்கேயே உயிரை விட்டவங்கள்ல ஒருத்தர் திருவாலங்காடு கோவிந்தசாமி. எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் ஊர்க்காரர். பள்ளிக்கூடத்துல நான் படிச்ச எந்தப் பாடத்துலயும் அவர் பேர் வரல.

கடைசியில முன்னாள் மத்திய அமைச்சர் எச்.வி. படாஸ்கர் மத்தியஸ்தரா வந்தார். அவர் எடுத்துக்கிட்ட விதி எளிமையானது. கிராமம்தான் அலகு. எந்த மொழி பேசறவங்க அதிகமோ அந்தப் பக்கம். நிலத் தொடர்ச்சி இருக்கணும். இதன்படி ஒரு சட்டம் 1959-ல நாடாளுமன்றத்துல நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்துது. பதிலுக்கு செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கமும், சேலம் மாவட்டத்திலிருந்து சில கிராமங்களும் ஆந்திராவுக்குப் போச்சு. திருப்பதி வரல.

ஒரு சுவாரசியம். அந்தச் சட்டம் நிறைவேறினப்போ மாநிலங்களவைத் தலைவர் யாரு? துணைக் குடியரசுத் தலைவரா இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888-ல திருத்தணியில, தெலுங்கு பேசற குடும்பத்துல பிறந்தவர். அவர் பிறந்த ஊர் மாநிலம் மாறின சட்டம், அவர் தலைமை தாங்கின அவை வழியாவே போயிருக்கு.

டேபிள்ல அடங்காத ஆட்கள்

நான் டேட்டாபேஸ் வேலை பார்க்கிற ஆள். ‘தாய்மொழி’ன்னு ஒரு காலம் வச்சா அதுல ஒரே ஒரு மதிப்புதான் போகும். தமிழ் இல்லேன்னா தெலுங்கு. ஒரு கிராமத்தை எந்தப் பக்கம் போடறதுன்னு முடிவு பண்ண அந்த ஒரு மதிப்பு தேவைதான். வேற நல்ல வழி எனக்கும் தெரியல. ஆனா இந்தப் பக்கத்து ஆட்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துல எவ்வளவு விஷயம் விழுந்து போயிருக்கும்னு.

எங்க ஆயாவையே எடுத்துக்கோங்க. பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவங்க. வீட்ல தமிழ். பள்ளிக்கூடம் போனது 1955-லேருந்து நாலு வருஷம், தெலுங்குல. திருத்தணியும் பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்தப்போ அவங்க படிப்பு முடிஞ்சிருந்துது, மாடு மேய்க்க அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் ஆயா தெலுங்கு காலண்டரைப் படிப்பாங்க. தமிழ்ல பஸ் போர்டு படிக்க வராது. நம்பரை வச்சுத்தான் பஸ் ஏறுவாங்க. பேசறது, திட்டறது, கும்பிடறது, தாலாட்டு எல்லாம் தமிழ்.

இந்த வாரம் ம.பொ.சி. புத்தகத்துல எல்லைப் பகுதியை ஆயாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டாங்க: “இத்த எல்லாம் அப்பவே யாராச்சும் எங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா கண்ணு?”

என்கிட்ட பதில் இல்ல. அவங்க ஊருக்கு மங்கலங்கிழார் மாதிரி ஒருத்தர் வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். எல்லை சரியான பக்கம் விழுந்துதுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆயாவும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அவங்களுக்கு அது நாலஞ்சு வருஷம் லேட்டா வந்துது. கணக்கெடுப்புல அவங்க குடும்பம் ‘தமிழ்’னு ஒரு எண்ணிக்கையா உதவியிருக்கு. அந்த எண்ணிக்கையை வச்சுத் தமிழ்ல எழுதின எதையும் அவங்களால படிக்க முடியல.

அதே மாதிரி அந்தப் பக்கமும் யோசிக்கணும். சத்தியவேடு பக்கத்துல தமிழ் படிச்சுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு இருந்திருக்கும். திருத்தணித் தாலுகாவுல தெலுங்கு பேசற கிராமத்துல ஒரு பையன் இருந்திருப்பான். 1960 ஏப்ரல் 1-க்கு அப்புறம் அவங்க கையில எந்தப் பாடப் புத்தகம் வந்துது? நகரி, புத்தூர், சித்தூர்ல இன்னிக்கும் தமிழ் பேசற குடும்பங்கள் நிறைய இருக்கு. எங்க சொந்தக்காரங்க பாதிப் பேர் அங்கதான். கல்யாணப் பத்திரிகை ரெண்டு எழுத்துலயும் வரும்.

இங்கதான் எனக்கு அந்த யானை திரும்ப ஞாபகம் வந்துது. சோழர் காலத்தை நான் தூக்கி வச்சுப் பேசல. யார்கிட்டயும் ஓட்டு கேட்டு பழையனூரைக் கோயிலுக்குக் கொடுக்கல. ராஜா வாயால சொன்னார், முடிஞ்சுது. 1960-ல குறைஞ்சபட்சம் ஜனங்களோட மொழி என்னன்னு எண்ணிப் பார்த்தாங்க, அது பெரிய முன்னேற்றம். ஆனா 1018-ல எல்லை போடறப்போ, படிக்கத் தெரியாத ஆளும் பார்த்துப் புரிஞ்சுக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சாங்க. 1960-ல அந்த வேலையை எந்த அரசாங்கமும் செய்யல. சம்பளம் வாங்காத ஒரு தமிழ் வாத்தியார், நடக்க முடிஞ்ச தூரம் வரைக்கும் செஞ்சார்.

இப்போ கையில இருக்கிறது

இப்போ படிச்சுக்கிட்டிருக்கிறது நரலோகவீரனைப் பத்தி. முதல் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ரெண்டு பேர்கிட்டயும் இருந்த படைத்தலைவர். ‘மணவில்’ ஊர்க்காரர். அந்த மணவில்தான் எங்க மணவூர்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. சிதம்பரத்துல நிறையத் திருப்பணி செஞ்சவர். தேவாரத்தைச் செப்பேட்டுல எழுத வச்சவர். எங்க ஊர்ல ஒரு பையன்கிட்டயும் இந்தப் பேரைச் சொன்னா தெரியாது. அவருக்குத் தனி எபிசோடே போடலாம், முழுசாப் படிச்சு முடிச்சிட்டு வர்றேன்.

அதுவரைக்கும் உங்ககிட்ட ஒரு வேலை கேட்கிறேன். 1960-ல பத்து வயசு இருந்தவங்களுக்கு இப்போ 75-க்கு மேல. திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, சத்தியவேடு, அந்தப் பக்கம் ஓசூர், இந்த மாதிரி எல்லை ஊர்கள்ல உங்க தாத்தாவோ ஆயாவோ இருந்தா, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு ரெண்டு கேள்வி கேளுங்க: பள்ளிக்கூடத்துல எந்த எழுத்துல படிச்சீங்க? அது எப்போ மாறுச்சு? அவங்க சொல்றதை அப்படியே எனக்கு அனுப்புங்க. தமிழ்லயோ தெலுங்குலயோ, எதுல வேணும்னாலும் இருக்கட்டும். தெலுங்குல வந்தா எங்க ஆயா கேட்டுச் சொல்லுவாங்க.

புத்தாண்டு வாழ்த்துகள் மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.